இரண்டு பேர், ஒரு பாய்மரம்

(இரண்டாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் துறை)

கடலைப் பற்றி மலைக்காரிக்கு என்ன தெரியும் என்று தலைப்பைப் பார்த்ததும் நண்பர்கள் சிரிக்கலாம். நியாயம்தான். என் ஊர் பேத்துப்பாறை. கொடைக்கானல் மலையில் இருக்கிற சின்ன கிராமம். காப்பி, வாழை, பட்டர் புரூட், பீன்ஸ் இவைதான் எங்கள் பிழைப்பு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வந்த முதல் ஆள் நான். கடலைப் பார்த்தது இண்டஸ்ட்ரியல் விசிட் போனபோது ஒரே ஒரு தடவை. அதுவும் பஸ் ஜன்னல் வழியாக!

ஆனாலும் பாய்மரப் படகைப் பற்றி நூலகத்தில் படிக்கப் படிக்க, இது நம்ம பாடம் ஆயிற்றே என்று தோன்றியது. விசை, அழுத்தம், ஈர்ப்பு மையம், நெம்புகோல் எல்லாமே அதில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக இன்னொன்றும் இருக்கிறது. இரண்டே பேர் ஒரு படகில் கரடுமுரடான கடற்கரைகளைச் சுற்றி வருவது எப்படி? அவர்கள் வேலையை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்? இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாரிணியில் போன இருவர்

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து ஒரு பாய்மரப் படகு புறப்பட்டது. பெயர் தாரிணி. நீளம் 56 அடி, அதாவது சுமார் 17 மீட்டர். நம்ம ஊர் டவுன் பஸ்ஸை விட ஒன்றரை மடங்கு நீளம், அவ்வளவுதான். கோவாவில் உள்ள அக்வேரியஸ் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டு 2017-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த படகு இது. அந்த ஆண்டே லெப்டினன்ட் கமாண்டர் வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண்கள் இதே படகில் உலகைச் சுற்றப் புறப்பட்டு 2018 மே மாதம் திரும்பினார்கள்.

2024-இல் போனது ஆறு பேர் அல்ல, இரண்டே பேர். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. ஆம், நம் தமிழ்ப் பெண்! இருவருக்கும் வழிகாட்டி, தனி ஆளாக நிற்காமல் உலகைச் சுற்றிய கமாண்டர் அபிலாஷ் டாமி.

ஆஸ்திரேலியாவில் ஃபிரீமேன்டில், நியூசிலாந்தில் லிட்டல்டன், ஃபாக்லாந்து தீவில் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன். இந்த நான்கு துறைமுகங்களில் மட்டும் நின்று, 2025 மே 29-ஆம் தேதி கோவா திரும்பினார்கள். எட்டு மாதம். 25,000 கடல் மைலுக்கு மேல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோ மீட்டர். நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழியில் நெமோ முனை என்ற இடத்தையும் கடந்தார்கள். பசிபிக் கடலில், எந்தக் கரையிலிருந்தும் மிகத் தூரமான புள்ளி அது. மிக அருகில் உள்ள நிலமே சுமார் 2,690 கி.மீ. தள்ளி இருக்கிறது. விண்வெளி நிலையம் தலைக்கு மேலே போனால் அதில் இருக்கும் மனிதர்கள் சுமார் 400 கி.மீ. தூரத்தில்தான். அதாவது பக்கத்து வீட்டுக்காரர் ஆகாயத்தில்! அங்கே படகில் ஒன்று உடைந்தால் ஆள் கூப்பிட முடியாது. இருக்கிற இருவர்தான் மெக்கானிக், அவர்களே டாக்டர், அவர்களே சமையல்காரர்.

காற்றுக்கு எதிரே போவது எப்படி?

காற்று பின்னாலிருந்து தள்ளினால் படகு போகும், இது குழந்தைக்கும் தெரியும். எதிரே அடித்தால்?

பாய் என்பது வெறும் துணி அல்ல. காற்று நிறைந்ததும் அது விமானத்தின் இறக்கை போல வளைந்து நிற்கும். வளைவின் வெளிப்பக்கம் அழுத்தம் குறையும், உள்பக்கம் கூடும். இந்த வித்தியாசம் படகை இழுக்கிறது. பெரும்பகுதி பக்கவாட்டில், கொஞ்சம் முன்னால். படகின் அடியில் ஆழமாக நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பு போன்ற பாகத்துக்குக் கீல் என்று பெயர். பக்கவாட்டில் நகர அது விடாது. ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினால் அது முன்னால் பாயும் அல்லவா? அதே கதைதான். ஒரு விரல் காற்று, ஒரு விரல் தண்ணீர்.

அப்போதும் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. சுமார் 45 டிகிரி சாய்வில் இடப்பக்கம் கொஞ்ச தூரம், திரும்பி வலப்பக்கம் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் பஸ் செங்குத்தாகவா ஏறுகிறது? கொண்டை ஊசி வளைவு போட்டுத்தானே ஏறுகிறது! கணக்குப்படி நேர்தூரம் 10 மைல் என்றால் படகு ஓட வேண்டியது ரூட் 2 மடங்கு, அதாவது 14 மைலுக்கு மேல்.

இன்னொரு கணக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விசை நான்கு மடங்கு ஆகும். 25 நாட் காற்றில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ எடை அழுத்துகிறது என்றால், 50 நாட் காற்றில் 40 கிலோ. தாரிணி பார்த்த காற்று 50 நாட் வரை. மணிக்கு 90 கிலோ மீட்டருக்கும் மேல். அதனால்தான் காற்று ஏறும்போதே பாயைச் சுருக்கிவிட வேண்டும். 'சுருக்கலாமா' என்று யோசிக்கத் தோன்றும் நேரமே சுருக்க வேண்டிய நேரம் என்பது பாய்மரக்காரர்களின் பாடம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைத்துவிட வேண்டாம். கரிகாலனின் முன்னோர் காற்றைத் தன் ஏவலுக்கு ஆளாக்கிக் கடலில் கலம் ஓட்டியதைப் புறநானூற்றின் 66-ஆம் பாடல் சொல்கிறது. பாடியவர் வெண்ணிக் குயத்தியார். பானை வனையும் குலத்துப் பெண் என்று பெயரே சொல்கிறது.

சாய்ந்தால் நிமிருமா?

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும். காரணம் அடியில் இருக்கும் கனம். பாய்மரப் படகின் கீலில் டன் கணக்கில் ஈயமோ இரும்போ இருக்கும். ஈர்ப்பு மையம் கீழே இருப்பதால் காற்று எவ்வளவு சாய்த்தாலும் நிமிரப் பார்க்கும். பெரிய அலை ஒரேயடியாக உருட்டிவிட்டாலும் திரும்ப எழுந்து வரும்படிதான் வடிவமைக்கிறார்கள். ஆனால் பாய்மரக் கம்பம் மிஞ்சுமா, உள்ளே இருப்பவர் மிஞ்சுவாரா என்பது வேறு கேள்வி.

அப்படிப்பட்ட அலைகளுக்குப் பேர்போன இடம் தென் அமெரிக்காவின் கீழ்க்கோடியில் உள்ள கேப் ஹார்ன் முனை. தெற்கே கிட்டத்தட்ட 56 டிகிரி. அந்த அட்சரேகையில் உலகத்தைச் சுற்றி எங்கேயும் தரையே குறுக்கிடாது. அதனால் மேற்கத்திக் காற்றும் அலையும் தடையில்லாமல் சுற்றிச் சுற்றி வளர்கின்றன. அந்த அலை முழுவதும் கேப் ஹார்னுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையே உள்ள சுமார் 800 கி.மீ. சந்துக்குள் புகுந்தாக வேண்டும். அங்கே கடலின் அடித்தளமும் திடீரென்று மேடாகிறது. ஆழம் குறையக் குறைய அலை செங்குத்தாகிறது. 1914-இல் பனாமா கால்வாய் திறக்கும் வரை பெரிய பாய்மரக் கப்பல்களுக்கு அதுதான் வழி. 2025 பிப்ரவரி 15-ஆம் தேதி தில்னாவும் ரூபாவும் இந்த முனையைக் கடந்தார்கள்.

கடலை விடக் கரைக்குத்தான் பயம்

கரை தெரிந்தால் நிம்மதி என்று நாம் நினைக்கிறோம். பாய்மரக்காரருக்கு நேர்மாறு. நடுக்கடலில் புயல் வந்தால் இடிக்க ஒன்றும் இல்லை. பாறைக்கரை பக்கத்தில் இருந்து, காற்று கரையை நோக்கித் தள்ளினால்தான் உயிர் போகும்.

அப்படியும் அந்தக் கரைகளைப் பார்ப்பதற்கென்றே போகிற கணவன்-மனைவி ஜோடிகள் உண்டு. சிலி நாட்டின் தென்பகுதி அவர்களுக்குப் பிடித்த இடம். போர்ட்டோ மோன்ட் என்ற ஊரிலிருந்து கேப் ஹார்ன் வரை நேர்க்கோட்டில் அளந்தாலே 1,600 கி.மீ. வழி முழுக்க ஆயிரக்கணக்கான தீவுகள், பனி ஆறுகள், ஓயாத மழை. ஊர்கள் மிகக் குறைவு.

அங்கே 'வில்லிவா' என்று ஒரு காற்று அடிக்கும். உச்சியில் குளிர்ந்து கனமான காற்று, சரிவில் உருண்டு விழுகிற பாறை மாதிரி திடீரென்று கடலில் வந்து மோதும். எங்கள் மலையில் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். பகலில் காற்று பள்ளத்திலிருந்து மேலே ஏறும். இருட்டினால் குளிர்ந்து கீழே இறங்கும். மார்கழி, தை மாதத்தில் கொடைக்கானலில் பள்ளமான இடத்தில்தான் முதலில் உறைபனி படியும். குளிர்காற்று தண்ணீர் மாதிரி பள்ளம் தேடும் என்பது எங்கள் அப்பாவுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. எங்கள் ஊரில் மெல்ல நடக்கிற அதே வேலையை அங்கே பனிமலை மூர்க்கமாகச் செய்கிறது.

இந்தக் காற்றுக்கு நங்கூரம் மட்டும் போதாது. சின்ன ஒரு குடாவுக்குள் புகுந்து, முன்னால் நங்கூரம் போட்டு, பின்பக்கத்தைக் கரையை ஒட்டிக் கொண்டுவந்து, இரண்டு மூன்று கயிறுகளைக் கரையில் உள்ள மரங்களில் கட்ட வேண்டும். சிலந்திவலை நடுவில் சிலந்தி மாதிரி படகு நிற்கும். இதைச் செய்யும்போது ஒருவர் கயிற்றோடு சின்னத் தோணியில் ஏறிக் கரைக்குத் துடுப்புப் போட வேண்டும். அதே நேரத்தில் மற்றவர் எஞ்சினையும் சுக்கானையும் பிடித்துப் படகைப் பாறையில் மோதாமல் நிறுத்த வேண்டும். கடல்பாசி காற்றாடியில் சுற்றாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வேலையும் ஒரே நிமிடத்தில். இதில் எது 'உதவியாளர்' வேலை, சொல்லுங்கள் பார்ப்போம்!

ஒருவர் தூங்க, ஒருவர் விழிக்க

பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை காவல் மாறும். கடலில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. சுக்கானை எந்நேரமும் கையில் பிடிக்க முடியாது என்பதால் காற்றுத்தகடு வைத்த தானியங்கிச் சுக்கான் ஒன்று பின்னால் பொருத்தியிருப்பார்கள். படகு திசை மாறினால் தகட்டின் மேல் காற்று வேறு கோணத்தில் பட்டு, அது சாயும். அந்தச் சின்ன அசைவு தண்ணீரில் இருக்கும் ஒரு பலகையைத் திருப்பும். படகின் வேகமே அந்தப் பலகையைப் பலமாகத் தள்ளிச் சுக்கானை இழுக்கும். மின்சாரம் ஒரு சொட்டு வேண்டாம். நம்ம துறைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட வேண்டிய கருவி!

இருவர் காவல் என்பது எங்கள் ஊருக்குப் புதிது இல்லை. பீன்ஸ் காய்க்கிற காலத்தில் யானையும் காட்டுப்பன்றியும் இறங்கும். அம்மாவும் அப்பாவும் ராத்திரி தோட்டத்துக் குடிசையில் தங்குவார்கள். முன்சாமம் அப்பா, பின்சாமம் அம்மா. தூங்குகிற ஆள் நிம்மதியாகத் தூங்குகிறார் என்றால், விழித்திருக்கும் ஆள் எல்லாம் தெரிந்தவர் என்று அர்த்தம். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் இரண்டு பேருமே தூங்க முடியாது.

கடலில் விழித்திருப்பவர் இடுப்பு வாரைக் கயிற்றில் மாட்டாமல் வெளியே வரவே கூடாது. ஏன்? 6 நாட் வேகத்தில் போகிற படகு ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் தாண்டிவிடும். உள்ளே தூங்குபவர் எழுந்து வருவதற்குள், அலைக்கு நடுவே ஒரு தலை கண்ணுக்கே தெரியாது. அப்போது படகைத் திருப்ப, பாயை இறக்க, கயிறு போட்டு ஆளைத் தூக்க மிஞ்சியிருப்பது ஒரே ஆள். அந்த ஒரே ஆளுக்குச் சமையல் மட்டும் தெரியும் என்றால்?

மலையேறிகள் கடலுக்குப் போன கதை

மைல்ஸ் ஸ்மீட்டன், பெரில் ஸ்மீட்டன் என்று ஒரு தம்பதி. மைல்ஸ் அன்றைய பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். 1939-இல் இந்துகுஷ் மலையில் உள்ள திரிச் மீர் சிகரத்தில் ஏற இருவரும் முயன்றார்கள். கூடப் போனவர் யார் தெரியுமா? பின்னாளில் எவரெஸ்ட் ஏறிய டென்சிங் நார்கே! இந்த மலைக்காரர்கள் யுத்தத்துக்குப் பிறகு ட்சு ஹாங் என்ற 46 அடிப் படகை வாங்கினார்கள். பாய்மரம் ஓட்டக் கற்றுக்கொண்டதே கிட்டத்தட்ட அதற்குப் பிறகுதான்.

1957 பிப்ரவரி 14-ஆம் தேதி. ஆஸ்திரேலியாவிலிருந்து கேப் ஹார்னை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். சுக்கானில் இருந்தவர் பெரில். பின்னாலிருந்து வந்த ஒரு ராட்சத அலை படகைக் குட்டிக்கரணம் அடிக்க வைத்தது. பெரிலின் கயிறு அறுந்து அவர் கடலில் விழுந்தார். இரண்டு பாய்மரங்களும் போயின. மேல்கூண்டு பிய்ந்து பெரிய ஓட்டை, உள்ளே தண்ணீர். அடிபட்ட தோளோடு பெரில் படகுக்கு நீந்தி வந்தார். ஏறியதும் அவர் செய்தது வாளியை எடுத்துத் தண்ணீர் இறைத்தது. அந்தப் பயணத்தில் கூட இருந்த ஜான் கஸ்வெல் தச்சு வேலை தெரிந்த இளைஞர். மிஞ்சிய பலகைகளை வைத்து ஓட்டையை அடைத்து, புதிதாகக் கம்பமும் சுக்கானும் செய்தார். மார்ச் மாதம் சிலி நாட்டின் கொரோனல் துறைமுகத்தைத் தொட்டார்கள்.

படகைச் சீர் செய்து அதே ஆண்டு டிசம்பரில் கணவனும் மனைவியும் மட்டும் மறுபடி புறப்பட்டார்கள். டிசம்பர் 26-இல் மறுபடி படகு உருண்டது. மறுபடி கம்பங்கள் போயின. இம்முறை தச்சர் இல்லை. கற்ற வித்தையை வைத்து இருவருமே ஒப்பேற்றிக் கரை சேர்ந்தார்கள். கடைசியில் 1968-இல், ஒரு நண்பரையும் சேர்த்துக்கொண்டு, கேப் ஹார்னைக் கடந்தேவிட்டார்கள்.

நம் பக்கத்திலும் அப்படி ஒரு ஜோடி உண்டு. கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் சேற்றுவாயில் ரேகா என்ற பெண், கூலி ஆள் வைக்க முடியாத நிலையில் கணவர் கார்த்திகேயனோடு மீன்பிடிக்கக் கடலுக்குப் போனார். ஆழ்கடல் மீன்பிடி உரிமம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அவரைக் கௌரவித்தது. அங்கே விளையாட்டு இல்லை, வயிற்றுப்பாடு. ஆனால் சட்டம் ஒன்றுதான்: இருவரும் இரண்டு வேலையும் தெரிந்திருக்க வேண்டும்.

நம்முடைய படகு

எங்கள் தோட்டத்தில் ஓடையிலிருந்து தண்ணீர் ஏற்ற ஒரு ஆயில் எஞ்சின் இருக்கிறது. அதை அப்பாதான் போடுவார். 'பொம்பளைக்கு எதுக்கு அந்த வேலை, கை ஒடிஞ்சிரும்' என்பார். இரண்டு வருஷத்துக்கு முன் கோடையில் அப்பா பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். நான் அப்போது விடுதியில். எஞ்சின் நல்லாத்தான் இருந்தது, டீசலும் இருந்தது. ஆனால் அதை ஸ்டார்ட் செய்யத் தெரிந்த கை அங்கே இல்லை. பக்கத்துத் தோட்டத்து ஆட்களுக்கும் அவரவர் வேலை. ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, அரை ஏக்கர் பீன்ஸ் காய்ந்து போனது. அந்த வருஷம் என் விடுதிக் கட்டணத்துக்கு அம்மாவின் கம்மல் போனது.

எஞ்சினில் கோளாறு இல்லை, ஆட்களிலும் கோளாறு இல்லை. ஒரு வேலை ஒரே ஆளுக்குச் சொந்தமாக இருந்ததுதான் கோளாறு.

அடுத்த லீவில் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டால் சிலிண்டரில் அழுத்தம் நிற்காது, கைப்பிடி லேசாகச் சுற்றும். நன்றாக வேகம் எடுத்ததும் லீவரை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பலம் வேண்டாம், நேரம் பார்த்து விட்டால் போதும். மூன்றாவது தடவையில் அம்மா போட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவரே காப்பி போட்டுக் கொடுத்தார். இனிப்பு கொஞ்சம் தூக்கல்தான், ஆனாலும் குடித்தோம்!

நண்பர்களே, நம் ஒர்க்‌ஷாப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பேட்ச் பிரித்ததும் என்ன நடக்கிறது? 'நீங்க ரெக்கார்டு எழுதுங்க, கையெழுத்து நல்லா இருக்கும், லேத்தை நாங்க பார்த்துக்கிறோம்.' கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. அன்பாகத்தான் சொல்கிறார்கள். அப்பாவும் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் மூன்று வருஷம் முடிந்து கம்பெனி வாசலில் நிற்கும்போது, ஒருத்திக்கு டூல் பிடிக்கத் தெரியாது. ஒருத்தனுக்குத் தான் செய்த வேலையை நாலு வரி எழுதத் தெரியாது. இரண்டு பேருமே பாதிப் படகு.

தில்னாவும் ரூபாவும் உலகம் சுற்றப் புறப்படும் முன் பல ஆண்டுகள் பயிற்சி எடுத்தார்கள். 2024 தொடக்கத்தில் கோவாவிலிருந்து மொரீஷியஸ் வரை இருவர் மட்டும் போய்த் திரும்பி, ஒருவர் கையை ஒருவர் பழகிக்கொண்டார்கள். நமக்குப் புயலும் இல்லை, கேப் ஹார்னும் இல்லை. வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒர்க்‌ஷாப் மட்டும் இருக்கிறது. அடுத்த வாரம் பேட்ச் பிரிக்கும்போது முதல் ஒன்றரை மணி ஒருவர் லேத், ஒருவர் நோட்டு. அடுத்த ஒன்றரை மணி மாற்றிப் பிடிப்போம். மாணவர் பேரவை இதை ஒரு வேண்டுகோளாக எல்லாத் துறைகளுக்கும் சொன்னால், இந்த மலருக்கு நான் கட்டுரை எழுதியதற்குப் பலன் கிடைத்ததாக மகிழ்வேன்.